ரெய்டு வந்த கதை

“சார், இன்னைக்கே ரெய்டு போட்டு முடிச்சிடலாம்” என்று இன்ஜினீயர் சொன்னபோது எங்கள் அக்கவுண்டன்ட் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். டெல்லியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வந்திருப்பது வருமான வரிக்காரர் அல்ல, கம்ப்யூட்டர்காரர் என்று விளக்கிய பிறகுதான் அவர் டீயைத் தொட்டார்.

மேஜை மேல் புதிதாக வாங்கிய பெட்டி. மைக்ரோவேவ் அடுப்பில் பாதி அளவு இருக்கும். முன்பக்கம் நான்கு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் 8 டெராபைட் கொள்ளளவுள்ள டிஸ்க் ஒன்று உட்காரப்போகிறது. ஆபீசில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களும் தங்கள் வேலையை இனி இதில்தான் சேமிக்கும். இன்ஜினீயர் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி தொழில்நுட்பக் கேள்வியே அல்ல. “எந்த ஃபைல் போனா சார் நீங்க அழுவீங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அழுது முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர்களின் ஆபீசில் அப்படி என்ன பெரிய தகவல் இருந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். எங்களிடம் ஒரு சொல் பட்டியல் இருந்தது. எனக்கு மூத்தவர் ஒருவர் 22 வருடங்கள் பட்ஜெட், நாடாளுமன்றம், மருத்துவம், கிரிக்கெட் என்று எல்லாவற்றையும் தமிழாக்கிக்கொண்டே சேர்த்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எந்தத் தமிழ்ச் சொல்லை எந்தத் தேதியில் பயன்படுத்தினார், வேறு எந்தச் சொற்களை ஏன் தள்ளினார் என்ற குறிப்போடு சுமார் 11,000 சொற்கள். தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, செருப்புக் கடைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். இரண்டு கோடை விடுமுறைகளில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஆபீஸ் இடம் மாறியபோது, இனி எதற்கு என்று தாள்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டோம். போட்டது நான்தான்.

அப்போதும் எங்களிடம் நான்கு டிஸ்க் பெட்டி ஒன்று இருந்தது. ரெய்டும் இருந்தது. ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாது என்று நிறுவியவர்கள் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஒரு மழைக்காலத்தில் ஒரு டிஸ்க் செத்தது. தகவல் போகவில்லை. பெட்டி பீப் பீப் என்று கத்தியது. பிரின்டரைப் பழுது பார்க்க வந்த ஒருவர் சத்தம் பொறுக்காமல் நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டுப் போனார். பெட்டி ஈமெயிலும் அனுப்பியது, தினமும், ஒழுங்காக. எங்களைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்த ஒருவரின் முகவரிக்கு! நான்கு மாதம் கழித்து இரண்டாவது டிஸ்க்கும் செத்தபோதுதான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. தகவல் மீட்கிறோம் என்றவர்கள் டிஸ்க்குகளை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நாள் கழித்துப் பெயரில்லாத சில ஆயிரம் ஃபைல்களைத் திருப்பித் தந்தார்கள். பட்டியல் அதில் இல்லை.

மூத்தவர் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, “நம்ம பட்டியல் எப்படி இருக்கு?” என்று கேட்பார். “நல்லா இருக்கு சார்” என்பேன்.

இந்த முறை நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எது எதற்காக என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

டிஸ்க் என்பது முதலில் இப்படிக் கைக்கடக்கமாக இருக்கவில்லை. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டிஸ்க் சாதனத்தில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று ஒரு செல்போன் புகைப்படத்துக்கே அது போதாது. அடுத்த முப்பது வருடங்களில் பெரிய நிறுவனங்களுக்கென்று பெரிய, விலை உயர்ந்த டிஸ்க்குகளும், மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கென்று சின்ன, மலிவான டிஸ்க்குகளும் தனித்தனியாக வளர்ந்தன.

1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக நிறைய மலிவு டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்பது கேள்வி. வேகம் கிடைக்கும். ஆனால் நூறு டிஸ்க் இருந்தால் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் நூறு மடங்கு. எனவே ஒன்று கெட்டாலும் மற்றவை சேர்ந்து அதன் தகவலைத் திருப்பித் தரும்படி எழுதிவைக்க வேண்டும். ‘மலிவு டிஸ்க்குகளின் உபரி அடுக்கு’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ரெய்டு. பிறகு இதை விற்க வந்த நிறுவனங்களுக்கு ‘மலிவு’ என்ற சொல் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு ‘தனித்தனி’ என்று பொருள் தரும் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். முதலெழுத்து அதேதான். மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தச் சாமர்த்தியம் நன்றாகவே புரியும்.

கெட்டுப்போன டிஸ்க்கில் இருந்தது மற்ற டிஸ்க்குகளுக்கு எப்படித் தெரியும்? இன்ஜினீயர் காலி உறை ஒன்றின் மேல் எழுதிக் காட்டினார். மூன்று டிஸ்க்குகளில் 5, 8, 3 என்ற எண்கள் இருக்கின்றன. நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 16 என்று எழுதிவைக்கிறோம். இரண்டாவது டிஸ்க் கெட்டுவிட்டது. 16-லிருந்து 5-ஐயும் 3-ஐயும் கழியுங்கள். 8 வந்துவிட்டது. நிஜத்தில் கம்ப்யூட்டர் கூட்டுவதில்லை, ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் குறித்து வைக்கிறது. தத்துவம் ஒன்றுதான். கூட்டுத்தொகை ஒரே டிஸ்க்கில் இல்லாமல் நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். இது ரெய்டு 5. எங்கள் பழைய பெட்டியில் இருந்தது.

இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனால்? ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு தெரியாத எண்கள் இரண்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறோம். எனவே இன்னொரு சமன்பாடு. முதல் எண்ணை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 30. இதையும் ஒரு டிஸ்க்கில் எழுதிவைத்தால், 5-உம் 8-உம் சேர்ந்து தொலைந்தாலும் 16, 30, 3 ஆகிய மூன்றை வைத்து இரண்டையும் மீட்கலாம். போட்டுப் பார்த்தேன், வந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அன்று வேறு மகிழ்ச்சி தேவைப்படவில்லை. இது ரெய்டு 6. இதிலும் உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது.

எங்களிடம் இருப்பது நான்கு டிஸ்க், மொத்தம் 32 டெராபைட். ரெய்டு 5 போட்டால் 24 மிஞ்சும். ரெய்டு 6 போட்டால் 16தான். காசு கொடுத்து வாங்கியதில் பாதி இல்லை என்றதும் ஆபீஸ் மேனேஜர் உள்ளே வந்தார். இருக்கும் 16-உம் திரையில் 14.5 என்று தெரியவே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டார். ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு டெராபைட்டை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர்கள் பல 1,024-இன் மடங்கில் எண்ணுகின்றன. தங்கத்தைக் கிராமில் வாங்கிப் பவுனில் எண்ணுவதைப் போலத்தான்.

அந்தப் பாதியை ஏன் இழக்க வேண்டும் என்பதற்கு இன்ஜினீயர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. ஒரு டிஸ்க் கெட்டதும் புதியதை மாட்டுவோம். பெட்டி மற்ற டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கணக்குப் போட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 8 டெராபைட்டுக்கு 11 மணி நேரம். ஆபீஸ் வேலையும் நடந்துகொண்டிருந்தால் அது ஒரு நாளைத் தாண்டலாம். அந்த நேரம் முழுக்க மீதி டிஸ்க்குகள் மூச்சுவிடாமல் உழைக்கும். ஏற்கெனவே வயதானவை. இன்னொன்று விழுவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது. ரெய்டு 5-ல் அப்போது கைவசம் உபரியே இருக்காது.

“நாலு டிஸ்க்கையும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்காதீங்க சார்” என்றும் சொல்லியிருந்தார். மூடநம்பிக்கை போலத் தோன்றியது. பிறகு 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் விடுத்த எச்சரிக்கையைப் படித்தேன். அதன் சில வகை எஸ்.எஸ்.டி. சாதனங்களில் உள்ளிருக்கும் சாஃப்ட்வேரில் பிழை. சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். தகவல் மீளாது. ஒரே நாளில் மாட்டிய நான்கும் ஒரே மணி நேரத்தில் சாகும். எத்தனை சமன்பாடு எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. நான் மறுபேச்சில்லாமல் நேரு பிளேஸில் இரண்டு கடைகளில் இரண்டிரண்டாக, வேறு வேறு மாதத் தயாரிப்பாகப் பார்த்து வாங்கினேன். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கும் என்னைப் பால் பாக்கெட் வாங்குபவரைப் பார்ப்பதுபோல் கடைக்காரர் பார்த்தார்.

இன்னொன்றையும் அங்கேயே விசாரிக்க வேண்டியிருந்தது. கொள்ளளவைக் கூட்டுவதற்காகச் சில டிஸ்க்குகளில் தகவல் வரிசைகளைக் கூரை ஓடு அடுக்குவதைப்போல ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதுகிறார்கள். படிக்கும்போது பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் ஓடுகளைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். பெட்டியில் டிஸ்க்கை நிரப்பும் வேலை நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் இத்தகைய பெட்டிகளுக்கென்றே விற்ற டிஸ்க்குகளில் சில இந்த வகை என்பதைச் சொல்லாமல் இருந்து, 2020 ஏப்ரலில் வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு ஒப்புக்கொண்டது. டிஸ்க்குக்கும் ஜாதகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிஸ்க்குகளை மாட்டி, ரெய்டு 6-ஐத் தேர்ந்தெடுத்தோம். அதன் மேல் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்று வேண்டும். எங்கள் பெட்டியில் இருப்பது இசட்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஏரன்ஸும் 2001-ல் எழுதத் தொடங்கி 2005-ல் பொதுவில் வந்தது. ரெய்டும் இதற்குள்ளேயே அடக்கம், அதில் பெயர் மட்டும் வேறு. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை இது தனியாக வைத்துக்கொள்ளும். டிஸ்க் சாகாமலே ஓரிரு எழுத்தைத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தால் கண்டுபிடித்து, உபரிக் கணக்கிலிருந்து திருத்திவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும்படி அமைத்திருக்கிறோம். பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் காண்பதுதானே இது என்றேன். இன்ஜினீயருக்கு உ.வே.சாமிநாதையரைத் தெரியவில்லை. அவர் ஒவ்வொரு ஊராகப் போய் ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடியதைச் சொன்னேன். “நிறைய காப்பி, வேற வேற ஊர்ல. கரெக்ட்டாத்தான் பண்ணியிருக்கார் சார்” என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ரெய்டு பேக்கப் இல்ல சார்.”

மூன்று வருடத்துக்கு முன் யாராவது இதை என் தலையில் அடித்துச் சொல்லியிருக்கலாம். டிஸ்க் கெடுவது ஒன்றிலிருந்துதான் ரெய்டு காப்பாற்றும். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் நான்கு டிஸ்க்கிலும் அது ஒழுங்காக அழியும். வைரஸ் வந்து பூட்டினால் நான்கிலும் பூட்டும். பெட்டியே தீப்பிடித்தால் பேச்சே இல்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தின் ஊழியர் களைத்துப்போன ராத்திரியில் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். சுமார் 300 ஜிகாபைட். வேறு பாதுகாப்புகள் இருக்கின்றன என்று போய்ப் பார்த்தால், ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதி கிடைத்ததால் பிழைத்தார்கள். மீட்புப் பணியை மறைக்காமல் யூட்யூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

நம் ஊரில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மேல் நடந்த தாக்குதல் பலருக்கு நினைவிருக்கும். ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. புறநோயாளிப் பதிவிலிருந்து பரிசோதனை முடிவுவரை நாள் கணக்கில் பேனாவும் காகிதமும்தான். தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் மிச்சமிருந்ததால் நோயாளிகளின் தகவல் திரும்பி வந்தது. தென்கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு முழுவதும் போயிற்று. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே அதற்கு நகல் எடுத்து வைத்திருக்கவில்லை.

எங்களுக்கு 858 இல்லை, மூன்று டெராபைட் தேறினால் அதிகம். எனவே பெட்டி ஒரு மணிக்கு ஒருமுறை தன் நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். யாராவது எதையாவது அழித்தால் போன மணி நேரத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். மாறிய பகுதிகளை மட்டும் சேமிப்பதால் இடமும் அதிகம் பிடிக்காது. இரவில் இன்னொரு பிரதி வாடகைக்கு எடுத்த சர்வருக்குப் போகும். மூன்றாவது பிரதி வெளி டிஸ்க் ஒன்றில். வெள்ளிக்கிழமை மாலை அதைக் கழற்றி ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். கம்பியில் இணைந்திராத டிஸ்க்கை எந்த வைரஸாலும் தொட முடியாது. இரண்டு டிஸ்க்குகள், வாரம் மாற்றி வாரம். எங்கள் ஃப்ரூஃப் ரீடர் தன் டிபன் பையில் வைத்து மெட்ரோவில் கொண்டுபோகிறார்.

மீட்ட பழைய ஃபைல்களை உள்ளே ஏற்றியபோது வேறு ஒரு வேடிக்கை. 1990களில் அடித்தவை திறந்தன, ஆனால் திரையில் ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த கூழ். அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தி, பிறகு 2010-ல் யுனிகோடுக்கு வந்தது. நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு ஃப்ளாப்பியில் வந்தது. அந்த ஃப்ளாப்பி இன்று யாரிடமும் இல்லை. ஒரு பைட்டும் கெடாமல் பத்திரமாக இருக்கும் ஃபைலைப் படிக்க முடியவில்லை. மாற்றித் தரும் இலவச சாஃப்ட்வேர்கள் இருப்பதால் முக்கால்வாசி தேறிவிட்டது. ‘ண’ வரும் இடத்திலெல்லாம் மட்டும் ஒரு கேள்விக்குறி.

மின்சாரத்துக்கு யு.பி.எஸ். அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள். மின்சாரம் போய்ப் பேட்டரியும் தீரப்போகிறது என்றால் பெட்டி தானாக எழுதுவதை நிறுத்தி ஒழுங்காக அணைந்துகொள்ளும். முதல் சோதனையில் இருபது நிமிடம் தாங்க வேண்டிய யு.பி.எஸ். இரண்டு நிமிடத்தில் கைவிட்டது. ஆராய்ந்ததில் அதே பிளக்கில் டீ கெட்டில்.

கடைசியாகச் சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினீயர் மூன்றாவது டிஸ்க்கை உருவினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெட்டி கத்தியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, நான் திறந்து வைத்திருந்த ஃபைல் அசையவில்லை. திரும்ப மாட்டினார். “இப்ப நீங்க அழுவீங்கன்னு சொன்ன ஃபைலை அழிங்க சார். மூணு இடத்திலேர்ந்தும் எடுத்துக் காட்டறேன்.”

எந்த ஃபைல் என்று அவரிடம் நான் சொல்லவில்லையே தவிர, எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு மூத்தவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “காலண்டர் தாளெல்லாம்?” என்றார். சொன்னேன். “சரி, ஒரு நாலாயிரம் எனக்கு ஞாபகம் இருக்கும். எழுதிக்கோப்பா” என்றார். அன்றிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். இதுவரை 1,300 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவருக்கு 81 வயது.

அந்த ஃபைலைக் காட்டினேன். இன்ஜினீயர் தேடினார். வாடகை சர்வரில் இல்லை. வெளி டிஸ்க்கில் இல்லை. பெட்டியிலும் இல்லை. என் நாற்காலிக்கு வந்து திரையைப் பார்த்தார்.

“சார், இது உங்க கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்புலயே இருக்கு. பெட்டிக்குள்ள போகவே இல்லையே.”

அழிக்காமல் விட்டோமே என்று இருந்தது. அங்கேயே இழுத்துப் பெட்டிக்குள் போட்டோம். மறுநாள் மூன்று இடத்திலும் வந்து சேர்ந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். மூன்றிலிருந்தும் திரும்ப வந்தது. வெளி டிஸ்க்கிலிருந்து எடுக்க அரை நிமிடம்.

மிச்சமிருந்தது எச்சரிக்கைச் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பது. ஒருவருக்கு மட்டும் கூடாது, மூன்று பேர் வேண்டும், வேலையை விட்டுப் போகிறவர் பெயரை அன்றே மாற்ற வேண்டும் என்றார் இன்ஜினீயர். ஒன்று அவர் எண். இரண்டாவது என்னுடையது. மூன்றாவதுக்கு மேனேஜரைக் கேட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் செய்தி வருமா என்றார். டிஸ்க்குக்கு நேரம் தெரியாது என்றோம். யோசித்துச் சொல்வதாகப் போனார். மாலையில் அக்கவுண்டன்ட் வந்து, “என் நம்பரைப் போட்டுக்கோங்க. நான் எப்படியும் நாலு மணிக்கு எழுந்துடுவேன்” என்றார்.